அத்தியாயம் 4: போத்தலையும் எடுத்து வாருங்கள்

தாப்பாவிலிருந்து ஈப்போவுக்குப் பழைய சாலையில் போனால், தெமோ தாண்டியதும் கம்பார். 1988 அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில், இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வாந்தி பிடித்தது. காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்துகொண்டன. பிறகு வலிப்பு, நினைவு தப்புதல். 13 பிள்ளைகள் இறந்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தையிலிருந்து 11 வயதுப் பிள்ளை வரை. மருத்துவமனையில் சேர்த்த ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர்கள் கண்டது கல்லீரல் செயலிழப்பு. அதனால் மூளையும் மங்கிப்போயிருந்தது. இந்த நிலையில் ஒரு பிள்ளை வந்து படுத்தால் காரணமாக இருக்கக்கூடியவை பல: மஞ்சள் காமாலைக் கிருமி, அளவு மீறிய பாரசிட்டமால், காட்டுக் காளான், ரைஸ் நோய்க்குறி. ஒரே ஒரு பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நோயாளிகள் இரண்டு மாவட்டங்களில் ஆறு ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். யார் என்ன சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று வீடு வீடாக விசாரித்தபோது ஒரு பொருள் திரும்பத் திரும்ப வந்தது: லோ சீ ஃபன். அரிசிமாவில் குட்டை குட்டையாக, எலிவால் போல முனை கூர்ந்து இருக்குமே, அந்த நூடல்ஸ். கம்பாரில் ஒரே தொழிற்சாலையில் செய்தது. நோய் கண்ட ஊர்கள் அந்தச் சரக்கு போன வழியிலேயே இருந்தன. இறந்த பிள்ளைகளின் உறுப்புகளைச் சோதித்ததில், பூஞ்சணம் சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கிடைத்தது. போரிக் அமிலமும் இருந்தது. நூடல்ஸ் கெடாமலும் இழுவையாகவும் இருக்கச் சிலர் திருட்டுத்தனமாகச் சேர்க்கும் பொருள் அது. நம் உணவுச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

நஞ்சியல் பாடப்புத்தகத்தை எங்கே திறந்தாலும் வரும் கேள்விகள் எல்லாம் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கின்றன: என்ன, எவ்வளவு, எந்த வழியாக, எப்போது, யாருக்கு. ‘என்ன’ என்பதில்தான் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மற்ற நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டால், பெயர் தெரியாத நஞ்சுக்கும் பாதி வைத்தியம் நடந்துவிடும்.

எவ்வளவு, யாருக்கு

அளவு என்றால் கரண்டிக் கணக்கு அல்ல, எடைக்கு எவ்வளவு என்பதே. 60 கிலோ அப்பாவும் 12 கிலோ மகனும் ஒரே தட்டு நூடல்ஸைச் சமமாகப் பங்கிட்டுச் சாப்பிட்டால், மகனின் உடம்பில் கிலோவுக்கு ஐந்து மடங்கு நஞ்சு இறங்குகிறது. கம்பாரில் இறந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளாக இருந்ததை இந்தக் கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் “பிள்ளை எத்தனை கிலோ?” என்று முதலிலேயே கேட்பது வழக்கத்துக்காக அல்ல.

ஒரு பொருளின் கடுமையைச் சொல்ல உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் எல்.டி. 50. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம். 1927இல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தது. எண் சின்னதாக இருந்தால் நஞ்சு பெரியது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளை உலகச் சுகாதார நிறுவனம் இதை வைத்தே தரம் பிரிக்கிறது: வாய்வழி எண் 5க்குக் கீழே என்றால் முதல் வகை அ, 5 முதல் 50 வரை முதல் வகை ஆ, 50 முதல் 2000 வரை இரண்டாம் வகை, அதற்கு மேல் மூன்றாம் வகை. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி டின்னில் ஒட்டியிருக்கும் நிறப்பட்டை இதே போன்ற ஒரு வரிசையைத்தான் காட்டுகிறது: கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. கறுப்புதான் மிகக் கடுமை. தமிழ்நாட்டில் வாங்கிய டின்னாக இருந்தால் நிறம் வேறு பொருள் தரும்: அங்கே சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும்.

இந்த நிறங்களை முழுக்க நம்பிவிடாதீர்கள் என்பதே என் கருத்து. எல்.டி. 50 எலியில் எடுத்த கணக்கு. உடனடிச் சாவை மட்டும் அளப்பது. பாராகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் ஒரு தலைமுறைக்கு மேல் அடித்த களைக்கொல்லி. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது வெறும் இரண்டாம் வகை, ‘மிதமான ஆபத்து’. ஆனால் உள்ளே போய்விட்டால் அதை முறிக்க இன்றுவரை மருந்து கிடையாது. முதல் நாள் வாயும் தொண்டையும் வெந்திருக்கும், ஆள் பேசிக்கொண்டிருப்பார். அடுத்த நாட்களில் சிறுநீரகம் தளரும். அதன் பிறகு நுரையீரல் தடித்துத் தழும்பேறும். மூச்சுத் திணறுகிறதே என்று கொடுக்கும் ஆக்சிஜனே அந்தத் தழும்பை வேகப்படுத்தும் என்பதால், டாக்டர்கள் அதையும் எண்ணி எண்ணித்தான் கொடுப்பார்கள்.

தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் தொட்டி கசிந்து தோல் வெந்தது, நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது என்று அவர்கள் சொன்னதைத் தெனாகனிதா என்ற பெண்கள் உரிமை அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அந்த ஆண்டே அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை போட்டது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. ஆனாலும் பழைய ஸ்டோர்களின் மூலையில் கறைபடிந்த டின் கிடக்கலாம். லேபிள் கிழிந்த டின்னைக் கண்டால் முகர்ந்து பார்க்காதீர்கள், வேறு எதிலும் ஊற்றி வைக்காதீர்கள். விவசாய இலாகாவுக்குச் சொல்லி அப்புறப்படுத்துங்கள்.

வகைபிரித்தலில் எது பயன்படும்

ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் ஈப்போ மரம் நிற்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த மரம். ஒராங் அஸ்லி மக்கள் அதன் பாலைக் காய்ச்சி, ஊதுகுழல் அம்பின் முனையில் தடவி வேட்டையாடினார்கள். தாப்பாவுக்கு மேலே கேமரன் மலைச் சாலை ஓரம் வாழும் செமாய் மக்களுக்கும் இது தெரிந்த கலை. அந்தப் பால் இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைகோசைடு வகையைச் சேர்ந்தது. வீட்டு வாசலில் நிற்கும் அரளியிலும் அதே வகை. இதய நோயாளிக்கு மருத்துவமனை எழுதிக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரையும் அதே வகை.

பாடப்புத்தகப் பட்டியலில் இந்த மூன்றும் மூன்று இடத்தில் இருக்கும்: காட்டு மரம், தோட்டச் செடி, மருந்து. உடம்புக்குள் மூன்றும் தொடுவது ஒன்றையே: இதயத் தசையின் செல்லில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அந்தச் சிறு பம்பை. மாத்திரைக்கென்று செய்த எதிர்ப்பொருளை, தங்க அரளிக் காய் உண்டு இதயத் துடிப்பு குலைந்தவர்களுக்கு இலங்கையில் கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வில் துடிப்பு சீரானது. எங்கிருந்து வந்தது என்பதைவிட உடம்பில் என்ன செய்கிறது என்று பிரிப்பதே நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கு உதவும்.

அப்படிப் பிரித்தால் நம் வட்டாரத்துக்கு வேண்டியவை இவ்வளவுதான். எரிக்கும் நஞ்சுகள்: ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட், குழாய் அடைப்பு நீக்கும் காரத்தூள், பாட்டரித் தண்ணீர். நரம்பை முடுக்கிவிடும் நஞ்சுகள்: ஆர்கனோ பாஸ்பரஸ், கார்பமேட் பூச்சிக்கொல்லிகள், கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு வருகிறவர்களிடம் இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நரம்பை அடக்கும் நஞ்சுகள்: தூக்க மாத்திரை, அபின் வகை, சாராயம். இதயத்தைப் பிடிப்பவை, மேலே சொன்னவை. கல்லீரலைத் தின்பவை: பாரசிட்டமால், அஃப்ளாடாக்சின். சிறுநீர்ப் பாதையை அடைப்பது என்று நம் சந்தைக்கே உரிய ஒன்று உண்டு: ஜெரிங் காய். அதிகம் தின்றால் அதிலுள்ள அமிலம் சிறுநீரில் ஊசிப் படிகமாக உறைந்து, இடுப்பைப் பிளக்கும் வலியோடு ரத்தச் சிறுநீர் வரும். தண்ணீர் குறைவாகக் குடித்தவருக்கு இன்னும் மோசம்.

காலத்தை வைத்தும் பிரிக்க வேண்டும். அஃப்ளாடாக்சின் கம்பாரில் நாட்கணக்கில் கொன்றது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை வாரக்கணக்கில் உண்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004இல் கென்யாவில் 125 பேர். அதையே வருடக்கணக்கில் சிறுகச் சிறுக உண்டால் கல்லீரல் புற்றுநோய். பூஞ்சணம் பிடித்த கச்சானையும் மிளகாய் வற்றலையும் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு பெரிதாக அழிவதில்லை.

ஆர்செனிக்கும் அப்படி இரண்டு முகம் உள்ளது. லாலான் புல்லை ஒழிக்க அந்தக் காலத் தோட்டங்களில் சோடியம் ஆர்செனைட் அடித்தார்கள். அதற்கென்றே 1949இல் மலாயாவில் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அதிகமாக ஒரே தடவையில் போனால் காலரா போல வயிற்றுப்போக்கு. கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் உள்ளங்கை தடிக்கும், கால் மரக்கும், நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். இன்று அந்த இரண்டாவது முகத்தை, முறையாகச் சுத்தி செய்யாத பற்ப, செந்தூர மருந்துகளை மாதக்கணக்கில் உண்டவர்களிடம் காணலாம்; ஈயமும் பாதரசமும்கூட அதே வழியில் வரும். கை கால் மரப்பு, காரணம் புரியாத ரத்தசோகை என்று டாக்டரிடம் போகிறவர்கள், நாட்டு மருந்து சாப்பிடுவதை மறைக்கக் கூடாது.

உடம்பைப் படித்தல்

1970இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இருவர், நஞ்சுகளை அவை காட்டும் அறிகுறிக் கூட்டங்களாகத் தொகுத்துப் பெயரிட்டார்கள். அவசரப் பிரிவில் இன்றும் ஓடுவது அந்த முறைதான். கண்மணி, தோல், நாடித்துடிப்பு, மூச்சு, உடம்புச் சூடு, வயிற்றுச் சத்தம். ஆய்வக முடிவு வருமுன் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

பூச்சிக்கொல்லி உள்ளே போனவரின் கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும். எச்சில் வடியும், வேர்வை கொட்டும், கண்ணீர் வரும், வயிறு கழியும், மார்பில் சளி கொப்புளிக்கும். ஆள் முழுக்க நனைந்து கிடப்பார். ஊமத்தங்காய் தின்றவர் இதற்கு நேர் எதிர்: கண்மணி விரிந்து, தோல் காய்ந்து சிவந்து, உடம்பு கொதித்து, இல்லாத பூச்சியைக் காற்றில் பிடித்துக்கொண்டிருப்பார். முதல் ஆளுக்குக் கொடுக்கும் அட்ரோபின், இரண்டாவது ஆளின் நிலையை உண்டாக்கும் அதே வகைச் சரக்கு என்பதை நினைத்துப் பார்த்தால் வகைபிரித்தல் ஏன் உயிர் விஷயம் என்று புரியும். அபின் வகை என்றால் கண்மணி சுருங்கும், ஆனால் உடம்பு நனையாது. மூச்சு மட்டும் நிமிடத்துக்குச் சில தடவையாக இறங்கும்.

ஆய்வகத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். எல்லா நஞ்சையும் ஒரே ரத்தத்தில் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது என்று சனங்கள் நினைக்கிறார்கள். மாவட்ட மருத்துவமனையில் அப்படி எதுவும் கிடையாது. சர்க்கரை, ரத்தத்தின் அமிலத்தன்மை, இ.சி.ஜி., கல்லீரல், சிறுநீரகம், பாரசிட்டமால் அளவு, பூச்சிக்கொல்லி என்றால் கோலினெஸ்டரேஸ், இவ்வளவே கைக்கெட்டும். பெரிய ஆய்வுகளுக்கு மாதிரி வெளியே போக வேண்டும், முடிவு வர நாளாகும். ஆனால் எளிய சோதனை ஒன்று எனக்கு எப்போதும் வியப்பு. பாராகுவாட் சந்தேகம் என்றால், நோயாளியின் சிறுநீரில் கொஞ்சம் சமையல் சோடா, பிறகு சோடியம் டைதயோனைட் தூள் ஒரு சிட்டிகை. பாராகுவாட் இருந்தால் அந்த மஞ்சள் நீர் கண்ணெதிரே நீலமாகும். எவ்வளவு அடர்நீலமோ அவ்வளவு நஞ்சு. இரண்டு தூள், ஒரு கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான்.

சும்மா இருக்கும் நஞ்சுகள்

என்னைக் கேட்டால் மிகவும் பயப்பட வேண்டியது இவற்றுக்குத்தான். பாரசிட்டமால் அளவு மீறிப் போட்டவர் முதல் நாள் கொஞ்சம் குமட்டலோடு எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிடுவார். மூன்றாம் நாள் கல்லீரல் கையை விரித்துவிடும். அசிட்டில்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கும் அப்படியே: முதலில் சாதாரணப் போதை, அரை நாள் அல்லது ஒரு நாள் கழித்துத் தலைவலி, மூச்சு இரைப்பு, பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போன்ற பார்வை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 30க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது இதுவே. பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ‘ஹேங்ஓவர்’ என்று தூங்கவிட்டால் போச்சு. பாராகுவாட் போனபின் பரவலாக வந்துள்ள குளுபோசினேட் களைக்கொல்லியும் சில மணி நேரம் ஒன்றும் காட்டாமல் இருந்து, திடீரென வலிப்பையும் மூச்சு நிற்பதையும் கொண்டுவரும். “நல்லாத்தானே இருக்காரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்குள் இருப்பவற்றில் மூன்றைச் சொல்கிறேன். பூசைச் சூடம்: சின்னப் பிள்ளை கடித்துத் தின்றால் அரைமணி நேரத்திலேயே வலிப்பு வரலாம். மணக்கும் வலித் தைலங்கள்: இவற்றில் பலவற்றிலுள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு, குழந்தைக்கு ஒரு டீஸ்பூன்கூட ஆபத்து. பாச்சை உருண்டை: ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைக்கு ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கோக்கோகோலா நிறத்தில் போகும். பிறந்தபோதே மருத்துவமனையில் இதைச் சோதித்துச் சொல்லியிருப்பார்கள். பிள்ளையின் மருத்துவப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

போன் வந்தால் பேச்சு இப்படிப் போகும்

“சார், பையன் ஏதோ குடிச்சிட்டான்.”

“மூச்சு விடுறானாம்மா? கூப்பிட்டாப் பாக்குறானா?”

“பாக்குறான், அழுவுறான்.”

“சரி. என்ன குடிச்சான்?”

“புல்லுக்கு அடிக்கிற மருந்து சார். அவங்க அப்பா மினரல் வாட்டர் போத்தல்ல ஊத்தி வெச்சிருந்தாரு.”

“பெரிய டின் எங்க இருக்கு? அதுல பேரையும் எழுத்தையும் படிங்க. போன்ல படம் எடுத்து வெச்சுக்குங்க. எத்தன மணிக்கு?”

“இப்பதான், பத்து நிமிசம் இருக்கும்.”

“போத்தல்ல எவ்ளோ இருந்துச்சு, இப்ப எவ்ளோ இருக்கு? பையன் எத்தன கிலோ? எதுவும் குடுத்தீங்களா?”

“பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணி குடுக்கச் சொல்றாங்க.”

“வேண்டாம்மா, ஒண்ணும் குடுக்காதீங்க. வாய்க்குள்ள விரலும் விடாதீங்க. சட்டையக் கழட்டி, உடம்புல பட்டிருந்தா சோப்பு போட்டுக் கழுவி, அந்தப் போத்தலையும் டின்னையும் பிளாஸ்டிக் பையில போட்டுக் கொண்டாங்க.”

உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், முட்டை வெள்ளை, இளநீர், சாணிக் கரைசல் எதுவும் வேண்டாம். ஆசிட் ஏற்கெனவே சுட்டுக்கொண்டு இறங்கிய வழியை, வாந்தி மறுபடி சுடும். மண்ணெண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியில் நுரையீரலுக்குள் புகுவதே ஆபத்து. கண்ணில் தெறித்திருந்தால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிக்கொண்டே இருங்கள். அதன் பிறகுதான் வண்டி. வாந்தி தானாக வந்தால் ஒரு டப்பாவில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். பூச்சிக்கொல்லியில் நனைந்த ஆளைத் தூக்குகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும்.

மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு மங்கல் இருந்தால் 999. நிலைமை நிதானமாக இருந்து, என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால், பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994இலிருந்து இயங்கும் தேசிய நச்சு மையம்: 1-800-88-8099. மருத்துவமனை டாக்டர்களே அங்கே கேட்டுத் தெளிவதுண்டு. நீங்கள் கூப்பிட்டால் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

கடைசியாக ஒன்று, நான் பார்த்தவரை கண்டறிதலை அதிகம் கெடுப்பது இதுதான். தானாகக் குடித்தவரைக் கொண்டுவரும் குடும்பம், “தண்ணின்னு நெனச்சுக் குடிச்சிட்டாரு” என்று சொல்லும். போலீஸ் வரும், குடும்ப மானம் போகும் என்ற பயம். தண்ணீர் என்று நினைத்துக் குடித்தவர் ஒரு மடக்கில் துப்பிவிடுவார் என்று கணக்கிட்டு டாக்டர் சிகிச்சையை அமைப்பார். நேரமும் அளவும் தவறிப்போகும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 மலேசியாவில் நீக்கப்பட்டுவிட்டது; 2023 செப்டம்பர் 11 முதல் அது குற்றமே அல்ல. எனவே டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டாவது உண்மையைச் சொல்லுங்கள்: எப்போது, எவ்வளவு, கூட வேறு மாத்திரை, சாராயம் உண்டா என்று. உடம்பு தேறிய பிறகு மனநலப் பிரிவில் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. அந்த வீட்டில் மீதியிருக்கும் டின்னை, நோயாளி திரும்பி வருமுன் யாராவது ஒருவர் அப்புறப்படுத்திவிட வேண்டும். ஸ்டோரில் பூட்டிச் சாவியை மண்டோரிடம் கொடுத்தாலும் சரி.

பாம்புக்கடியும் பூரான், குளவிக் கொட்டும் அடுத்த அத்தியாயத்தில்.